"எனக்கு வராது" என்று உள்ளே ஓடும் வரியை மாற்ற: சுய ஹிப்னாஸிஸ், முதல் படியிலிருந்து

ஹிப்னாஸிஸ் பழகிப் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நடுவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். யூடியூபில் ஒரு ஆடியோ, காதில் ஹெட்போன், மல்லாந்து படுத்துக்கொண்டு "நான் வெற்றியாளன்" என்று யாரோ சொல்வதைக் கேட்டபடியே தூங்கிப்போவது. நல்ல தூக்கம் வரும், அவ்வளவுதான். கண்ணை மூடுவதற்கு முன்னால் எந்த வரியை மாற்றப் போகிறோம் என்று பிடிக்க வேண்டும், கண்ணைத் திறந்த பிறகு எழுந்துபோய் ஒரு சின்னக் காரியம் செய்ய வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் எத்தனை மாதம் செய்தாலும் ஒன்றும் நகராது.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் ஒரே உதாரணத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், அப்புறம் எஞ்சினியரிங், இப்போது ஐடி வேலை. வேலையில் கெட்டி, ஆனால் மீட்டிங்கில் வாயே திறக்காத ஒருவர். உள்ளே ஓடுவது "எனக்கு இங்கிலீஷ் வராது". உங்களுக்குச் சம்பளம் கூட்டிக் கேட்பதோ, மேடையோ, கணக்கோ, கார் ஓட்டுவதோ இருக்கலாம். வரிசை ஒன்றுதான்.

1. அந்த வரி எப்படி வேலை செய்கிறது

மேனேஜர் ஒரு கேள்வி கேட்கிறார். நம் ஆளுக்குப் பதில் தெரியும். ஆனால் பெயர் காதில் விழுந்ததுமே தொண்டை இறுகுகிறது, மைக்கை அன்மியூட் செய்யாமல் சாட்டில் "டன்" என்று டைப் செய்துவிடுகிறார். உடனே ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில்தான் சிக்கலே இருக்கிறது, ஏனென்றால் தப்பித்தால் சுகம் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகத் தப்பிக்கிறது. பேசாததால் பழக்கம் வருவதில்லை, பழக்கம் இல்லாததால் எப்போதாவது பேசினால் தடுமாற்றம், அந்தத் தடுமாற்றத்தையே சாட்சியாக வைத்து "பார்த்தாயா, உனக்கு வராது" என்று வரி இன்னும் உறுதியாகிறது.

இப்படியே சில வருடங்கள் போனால் ஆன்சைட் வாய்ப்பு பக்கத்து சீட்டுக்காரருக்குப் போகிறது, இவர் "நமக்கு ஆபீஸ் அரசியல் தெரியாதுப்பா" என்கிறார். வரி எங்கே என்றே தெரியாமல் போய்விட்டது.

ஆழ்மனம் என்று நான் இங்கே சொல்வது இந்த அளவுக்குத்தான்: யோசிப்பதற்கு முன்பே ஓடி முடிந்துவிடும் பழக்கம். புத்திமதி அங்கே பலிக்காததற்குக் காரணம், புத்தி வந்து சேர்வதற்குள் தப்பித்தல் நடந்து முடிந்திருக்கும். ஹிப்னாஸிஸில் உடம்பைத் தளர்த்தி, கவனத்தை ஓரிடத்தில் குவித்து, பெயர் காதில் விழுந்ததற்கும் தப்பித்ததற்கும் நடுவே உள்ள அந்த இரண்டு நொடிகளை மிக மெதுவாக ஓட்டி, வேறொரு பதிலைப் பழக்குகிறோம்.

2. யார் தனியாகச் செய்யக் கூடாது

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), இருதுருவக் கோளாறு (பைபோலார்) போன்றவற்றுக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள், குரல்கள் கேட்கும் அனுபவம் உள்ளவர்கள், வலிப்பு உள்ளவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். சிறு வயதில் அடி, பாலியல் கொடுமை, கண்ணெதிரே மரணம் என்று கனமான விஷயம் பின்னால் இருந்தால், கண்ணை மூடித் தளரும்போது அது மொத்தமாக மேலே வரக்கூடும், பக்கத்தில் தேர்ந்த ஒருவர் இருக்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், இலங்கையில் 1926.

3. கையில் இருக்க வேண்டியவை

முதுகைத் தாங்கும் ஒரு நாற்காலி. படுக்கை வேண்டாம், படுத்தால் தூங்குவது என்று உடம்புக்குப் பல வருடப் பழக்கம். ஒரு நோட்டு, பேனா. குரல் பதிவு செய்ய போன், அதை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். யாரும் கதவைத் தட்டாத 20 நிமிடம். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு உட்காராதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கழற்றிவிடுங்கள். ஃபேன் சத்தம், தெருச் சத்தம் எதுவும் பரவாயில்லை, முழு அமைதிக்காகக் காத்திருந்தால் நம் ஊரில் என்றைக்குமே ஆரம்பிக்க முடியாது.

4. சரியான வரியைத் தோண்டி எடுப்பது

நேரம் அதிகம் எடுக்க வேண்டிய படி இது, புதியவர்கள் தாண்டிக் குதிப்பதும் இதைத்தான். "எனக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போய்விடுவார்கள். அது வரி கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒட்டும் லேபிள். அதை வைத்துக்கொண்டு எந்தக் காட்சியையும் பழக முடியாது.

மனநல மருத்துவர் ஆரோன் பெக் வழியில் வந்த, எண்ணங்களைக் கேள்வி கேட்டு மாற்றும் அறிவாற்றல் சிகிச்சையில் கீழ்நோக்கிக் கேட்டுக்கொண்டே போகும் ஒரு முறை உண்டு. அதையே நோட்டில் செய்யுங்கள். நம் ஆள் எழுதினால் இப்படி இருக்கும்:

மீட்டிங்ல பேசினா என்ன ஆகும்? — தப்பா பேசிடுவேன்.
தப்பா பேசினா? — சிரிப்பாங்க.
சிரிச்சா? — இவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைப்பாங்க.
நினைச்சா? — நான் இங்க இருக்கவே லாயக்கில்லாதவன்னு தெரிஞ்சிடும்.

கடைசி வரியை எழுதும்போது பேனா கொஞ்சம் நிற்கும். வயிற்றிலோ தொண்டையிலோ ஒரு இழுப்பு தெரியும், அல்லது "சேச்சே, அப்படியெல்லாம் இல்லை" என்று அவசரமாக அடித்துவிடத் தோன்றும். அதுதான் நாம் தேடியது. ஆரம்பத்தில் "இங்கிலீஷ் வராது" என்று இருந்தது "நான் லாயக்கில்லாதவன்" என்பதில் வந்து நிற்கிறது, கவனியுங்கள். மேலே உள்ள வரியை மட்டும் வைத்து வேலை செய்திருந்தால் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் ஒன்றில் சேர்ந்து பணம் கட்டியிருப்பார், சரளமாகப் பேசிய பிறகும் மீட்டிங்கில் தொண்டை இறுகியிருக்கும்.

வரியை உங்கள் மண்டைக்குள் ஓடும் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். மதுரைக்காரருக்கு மதுரைத் தமிழ், யாழ்ப்பாணத்தவருக்கு யாழ்ப்பாணத் தமிழ். நல்ல தமிழில் திருத்தி எழுதினால் உடம்பில் அந்த இழுப்பு வராது, வராவிட்டால் சரியான வரி கிடைத்ததா என்று தெரியாது.

ஒரு சோதனையும் உண்டு. அதே விஷயத்தை நண்பரிடமோ தனியாகக் கண்ணாடி முன்போ இங்கிலீஷில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் மீட்டிங்கில் தடுப்பது நம்பிக்கை. எங்கேயுமே முடியவில்லை என்றால் உங்களுக்கு வேண்டியது சொற்களும் பயிற்சியும்தான். உங்களிடம் இல்லாத சொல்லை ஹிப்னாஸிஸ் கொண்டுவந்து வாயில் போடாது.

இன்னொன்று: "இது எந்த வயதில் ஆரம்பித்தது" என்று ஹிப்னாஸிஸில் தேடிப் போகாதீர்கள். நினைவைப் பற்றி ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதில் ஷாப்பிங் மாலில் தொலைந்துபோனதாக ஒரு நடக்காத சம்பவத்தைச் சொல்லிக் கேட்டபோது 24 பேரில் கால்வாசிப் பேர் அது நடந்ததாகவே முழுதாகவோ கொஞ்சமோ நினைவுகூர்ந்தார்கள். அவர்கள் ஹிப்னாஸிஸில்கூட இல்லை. கற்பனை தூக்கலாக ஓடும் நிலையில் கிடைக்கும் "பழைய நினைவு" நிஜமாகவும் இருக்கலாம், அப்போதே தயாரானதாகவும் இருக்கலாம். எட்டாம் வகுப்பு டீச்சர் கேலி செய்தது விழித்திருக்கும்போதே நினைவிருக்கிறதா, நோட்டில் ஒரு வரி எழுதுங்கள், போதும்.

5. தூண்டும் நொடியைக் குறிப்பது

அந்த வரி நாள் முழுக்க ஓடுவதில்லை. ஏதோ ஒன்று அதைத் தட்டிவிடுகிறது. "மீட்டிங்" என்று எழுதாதீர்கள், அது ஒரு மணி நேரம். காலை ஸ்டாண்டப் கால் (டீமில் ஒவ்வொருவரும் சுருக்கமாகப் பேசும் தினசரி மீட்டிங்), எனக்கு முன்னால் பேசுபவர் முடிக்கிறார், மேனேஜர் என் பெயரைச் சொல்கிறார், திரையில் என் கட்டம் பெரிதாகிறது. இந்த அளவுக்குக் குறுக்குங்கள். பழகப் போகும் காட்சி இதுதான், காட்சி மங்கலாக இருந்தால் பழக்கமும் மங்கலாகவே இருக்கும்.

கூடவே, "நான் இங்க இருக்க லாயக்கில்லாதவன்" என்பதை இந்த நிமிடம் எவ்வளவு நம்புகிறீர்கள் என்று 0 முதல் 100 வரை ஒரு எண் போட்டுத் தேதியோடு குறித்துவையுங்கள். பிறகு இந்த எண் இல்லாமல் மாற்றம் வந்ததா என்று உங்களுக்கே தெரியாது. 80-லிருந்து 55-க்கு வந்தவர்கள்கூட "ஒன்றும் ஆகவில்லை" என்றுதான் சொல்வார்கள்.

6. மாற்று வரி எழுதுவது

இங்கேதான் "நான் சிங்கம்" ரக வாசகங்கள் நுழைகின்றன. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோவான் வுட்டும் மற்றவர்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், "நான் அன்புக்குரியவன்" போன்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்ன, சுயமதிப்பு குறைந்தவர்கள் முன்பைவிட மோசமாக உணர்ந்தார்கள். காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை, உள்ளே இருப்பவன் உடனே "பொய்" என்கிறான்.

அதனால் மாற்று வரி இன்றைக்கே பாதிக்கு மேல் நம்பும்படி இருக்க வேண்டும். நம் ஆளுக்கு "நான் சரளமா பேசுறேன்" சரிவராது. "தடுக்கினாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறேன்" சரிவரும், ஏனென்றால் அது அவர் கையில் இருக்கிறது, நேற்று ஒருமுறை செய்தும் இருப்பார். "பயப்பட மாட்டேன்", "உளற மாட்டேன்" என்று எழுதாதீர்கள், அதைக் கேட்கும்போது மனதில் வரும் படம் பயமும் உளறலும்தான். அடுத்தவர்களைப் பற்றியும் வேண்டாம்: "எல்லாரும் என்னை மதிக்கிறாங்க" என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத விஷயம்.

ஒரு வரி போதும். நான்கைந்து வரி கோர்ப்பவர்கள் எதையும் பழகுவதில்லை.

7. பதிவு செய்வது

காகிதத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டே தளர முடியாது, மனப்பாடம் செய்தால் அடுத்த வரி என்ன என்ற யோசனையிலேயே நேரம் போய்விடும். உங்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு ஒரு முழு மூச்சு இடைவெளி விடுங்கள். பதிவு செய்யும்போது அது அபத்தமாக நீளமாகத் தெரியும், கேட்கும்போது சரியாக இருக்கும். ரேடியோ அறிவிப்பாளர் குரல் எல்லாம் தேவையில்லை.

8. உள்ளே போவது

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நினைவு தப்பாது, யாரும் உங்களை ஆட்டிவைக்க முடியாது, குக்கர் விசில் கேட்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ யோசித்தபடி இறங்க வேண்டிய ஸ்டாப்பைக் கோட்டை விடுகிறோமே, அந்த நிலைக்கு வெகு பக்கத்தில் இருப்பதுதான் இது.

கண் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்த வேண்டும். கண் தசை சீக்கிரம் சோர்ந்துபோகும், "இமை கனக்கிறது" என்று பதிவு சொல்லும்போது உண்மையிலேயே கனக்கும். முதல் சில வாக்கியங்கள் இப்படி நடந்துகொண்டிருப்பதையே சொல்ல வேண்டும்: "முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கிறது... மூச்சு வெளியே போகிறது... தோள் கொஞ்சம் இறங்குகிறது..." மூன்று உண்மைகளுக்குத் தலையாட்டிய மனம் நான்காவதாக வரும் சஜஷனுக்கும் (மனம் ஏற்க வேண்டும் என்று சொல்லும் வாக்கியம்) அதிகம் மல்லுக்கட்டாது.

கண் மூடியதும் பத்திலிருந்து ஒன்று வரை, வெளிமூச்சுக்கு ஒரு எண். ஒவ்வொரு எண்ணிலும் உடம்பின் ஒரு பகுதியைத் தளரவிடுங்கள்: நெற்றி, தாடை, தோள், கை என்று. தாடையை மறக்காதீர்கள், பேசப் பயப்படுகிறவர்களுக்கு இறுக்கம் மொத்தமும் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் ஒரு கையை முன்னால் நீட்டி, அதில் ஒரு வாளி தொங்குவதாகவும் தண்ணீர் நிரம்புவதாகவும் நினையுங்கள். கை மெல்ல இறங்கும். ஒருவர் ஹிப்னாஸிஸுக்கு எவ்வளவு இசைகிறார் என்று அளக்க 1959-ல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் அளவுகோலிலும் இதைப்போல ஒரு கை இறங்கும் சோதனை உண்டு. நமக்கு இது எதற்கென்றால், நினைப்பு உடம்பை அசைக்கிறது என்பதை நீங்களே பார்த்துவிட்டால் அடுத்த படியில் பாதி சந்தேகம் போய்விடும்.

கை இறங்கவில்லையா? விடுங்கள். சுமார் 10 முதல் 15 சதவீதம் பேர் ஹிப்னாஸிஸுக்கு மிக எளிதில் இசைகிறார்கள், ஏறக்குறைய அதே அளவு பேருக்கு அது அவ்வளவாகப் பிடிபடுவதில்லை, மிச்சப் பேர் நடுவில். நடுவில் இருப்பது இந்த வேலைக்குத் தாராளம்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது: "இப்போ ஹிப்னாஸிஸ்ல இருக்கேனா, இல்லையா?" என்று நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது. எட்டிப் பார்க்கப் பார்க்க வெளியே வந்துகொண்டேதான் இருப்பீர்கள். அந்தக் கேள்வி வந்தால் அடுத்த வெளிமூச்சைக் கவனியுங்கள், போதும்.

9. காட்சியைப் பழகுவது

எடுத்தவுடன் மீட்டிங்குக்குப் போகாதீர்கள். முதலில் நிம்மதியான ஒரு இடம்: பாட்டி வீட்டுத் திண்ணை, கடற்கரை, எதுவாக இருந்தாலும் சரி. அங்கே இருக்கும்போது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மெதுவாகச் சேர்த்து வையுங்கள். இந்தத் தளர்வோடு அந்தத் தொடுகையை இணைக்கிறோம், பிறகு மேஜைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் பயன்படும்.

இப்போது காட்சி. உங்கள் கண் வழியாகப் பார்க்க வேண்டும்: திரை, உங்கள் விரல், மைக் பட்டன். தன்னையே சினிமாவில் பார்ப்பதுபோல் எட்ட நின்று பார்த்தால் உடம்பு அதில் கலந்துகொள்ளாது. பெயரைக் கூப்பிடுகிறார்கள். பழைய வரி ஓடட்டும், அதோடு சண்டை வேண்டாம். தொண்டை இறுகுகிறதா, விரல்கள் சேர்கின்றன, ஒரு மூச்சு வெளியே. அன்மியூட். "தடுக்கினாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறேன்." முதல் வாக்கியம். இரண்டாவதில் ஒரு சொல் சிக்கிக்கொள்கிறது, ஒரு நொடி நிற்கிறீர்கள், வேறு சொல்லைப் போட்டு முடிக்கிறீர்கள். அடுத்தவர் பேச ஆரம்பிக்கிறார்.

தடுக்கி விழுவதை வேண்டுமென்றே உள்ளே வைக்கிறோம். எல்லாமே கச்சிதமாக நடப்பதாகப் பழகியவர்கள், நிஜத்தில் முதல் சொல் சிக்கியதும் மொத்தமாகச் சரிந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அதற்கு அப்புறம் என்ன என்று அவர்கள் பழகவே இல்லை.

இதையே மூன்று நான்கு முறை ஓட்டுங்கள். "பெயரைக் கூப்பிட்டால், விரலைச் சேர்த்து மூச்சை விட்டு அன்மியூட் செய்கிறேன்" என்ற இந்த "இப்படி ஆனால் இப்படிச் செய்வேன்" வடிவம் முக்கியம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பல காலம் ஆராய்ந்திருக்கிறார்: வெறும் விருப்பத்தைவிட, எந்தச் சூழலில் என்ன செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைத்தது நிறைவேறும் வாய்ப்பு அதிகம்.

நடுவில் அழுகை முட்டினாலோ நெஞ்சு படபடத்தாலோ நிம்மதியான இடத்துக்குத் திரும்புங்கள். அடங்கவில்லை என்றால் கண்ணைத் திறந்துவிடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான்.

10. வெளியே வருவது

ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி, மூன்றில் விரல்களை அசைத்து, ஐந்தில் கண்ணைத் திறவுங்கள். தண்ணீர் குடியுங்கள். உடனே வண்டியை எடுக்காதீர்கள், சிலருக்குக் கொஞ்ச நேரம் மந்தமாக இருக்கும். நடுவில் தூங்கிப்போனால் ஒரு ஆபத்தும் இல்லை, தானாக விழிப்பீர்கள், ஆனால் அன்றைய பயிற்சி கணக்கில் வராது.

11. அடுத்த 24 மணி நேரத்துக்குள் ஒரு காரியம்

நாற்காலியில் நடந்தது ஒத்திகை மட்டுமே. பழைய வரி தப்பித்துத் தப்பித்து வளர்ந்தது, தப்பிக்காமல் இருந்தால்தான் தேயும். அதனால் பயிற்சி முடிந்ததும், அடுத்த நாளுக்குள் செய்யக்கூடிய ஒன்றை நோட்டில் எழுதுங்கள். சின்னதாக: ஸ்டாண்டப்பில் "டன்" என்று டைப் செய்யாமல் வாயால் ஒரே ஒரு வாக்கியம். அது பழகியதும் இரண்டு வாக்கியம், அப்புறம் ஒரு கேள்வி கேட்பது, அப்புறம்தான் டெமோ. மொத்த டீமுக்கும் பிரசன்டேஷன் கொடுக்கிறேன் என்று முதல் வாரமே கிளம்பி, அங்கே உறைந்துபோனால் அந்தப் பழைய எண் 80-லிருந்து 95-க்குப் போய்விடும்.

உளவியலாளர் இர்விங் கிர்ஷ்ஷும் மற்றவர்களும் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 1995-ல் வெளியிட்ட தொகுப்பாய்வில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையோடு ஹிப்னாஸிஸைச் சேர்த்தபோது கூடுதல் பலன் கிடைத்தது. பிறகு வந்த கணக்குகளில் அந்தக் கூடுதல் அவ்வளவு பெரிதாக இல்லை, ஆனால் இருந்தது. "சேர்த்தபோது" என்பதைக் கவனியுங்கள். காரியம் இல்லாமல் ஹிப்னாஸிஸை மட்டும் செய்துகொண்டிருந்தால், அதுவே தப்பிக்க இன்னொரு வழியாகிவிடும்: "இன்னும் கொஞ்சம் பழகிட்டு அப்புறம் பேசுறேன்."

12. எத்தனை நாள், எப்போது நிறுத்துவது

தினம் 15 நிமிடம், ஒரே நேரத்தில். வாரம் ஒருமுறை அந்த 0–100 எண்ணைத் திரும்பப் போடுங்கள். மூன்று நான்கு வாரமாகக் காரியமும் செய்து, எண் அசையவே இல்லை என்றால் பயிற்சியைக் கூட்டாதீர்கள், 4-ஆம் படிக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் வரி தவறாக இருக்கும், அல்லது இன்னும் ஒரு கேள்வி கீழே போயிருக்க வேண்டும். எண் 30-க்குக் கீழே வந்து, காரியம் சாதாரணமாக நடக்க ஆரம்பித்துவிட்டால் நிறுத்திவிடலாம். பூஜ்ஜியம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அது வராமலேயே நிறையப் பேர் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

13. ஆளைத் தேடிப் போவதென்றால்

தனியாக நகரவில்லை, அல்லது 2-ஆம் படியில் சொன்ன பட்டியலில் இருக்கிறீர்கள் என்றால், முதலில் மனநல மருத்துவர் அல்லது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு ஆர்சிஐ எனப்படும் மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு இருக்க வேண்டும், எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. ஹிப்னாஸிஸ் அவர்கள் கையில் இருக்கும் பல முறைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். வார இறுதி வகுப்பில் வாங்கிய சான்றிதழை மட்டும் சுவரில் மாட்டிக்கொண்டு, "ஒரே சிட்டிங்கில் வேரோடு பிடுங்கிவிடுகிறேன்" என்கிறவர், போன ஜென்மத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறவர், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், பத்து சிட்டிங்குக்கும் முன்பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் கிளம்பி வந்துவிடுங்கள். கூட ஒருவரை அழைத்துவரலாமா, பதிவு செய்துகொள்ளலாமா என்று முதல் நாளே கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

போகும்போது நோட்டை எடுத்துப் போங்கள். கீழ்நோக்கிக் கேட்ட கேள்விகள், தூண்டும் நொடி, தேதி வாரியாக எண்கள் எல்லாம் எழுதியிருந்தால், முதல் சந்திப்பில் "உங்க பிரச்சினை என்ன?" என்பதைத் தாண்டி நேராக வேலைக்கு வந்துவிடலாம்.